வாடகை வீட்டுக் கூடத்துக்கு எந்த ஏவி ரிசீவர்?

இரண்டாம்மாடி:
வணக்கம். சென்னையில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கூடம் 11 அடிக்கு 14 அடி, உயரம் ஒன்பதரை அடி. டிவியின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்ப 2012-இல் வாங்கிய 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) குறையில்லாமல் உழைத்தது. சென்ற மாதத்திலிருந்து எச்டிஎம்ஐ வழியாகப் படம் விட்டுவிட்டு வருகிறது. உள்ளிருக்கும் போர்டையே மாற்ற வேண்டும், அதுவோ இப்போது கிடைப்பதில்லை என்று பழுது பார்ப்பவர் கைவிரித்துவிட்டார். ஸ்பீக்கர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன: முன்புறம் 88 டெசிபல் திறனுள்ள புக்‌ஷெல்ஃப் இரண்டு, ஒரு சென்டர், இரண்டு சரவுண்ட், தாழ்ந்த ஒலிக்கென ஒரு 10 அங்குல சப்வூஃபர்.

குழந்தைகள் தூங்கிய பிறகுதான் படம் பார்க்கிறோம். வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால், அடுத்த காட்சியில் வெடிக்கும் குண்டு கீழ்வீட்டுக்காரரை எழுப்பிவிடுகிறது. அதிக வாட் உள்ள பெரிய ரிசீவர் இதைத் தீர்க்குமா? தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கச்செய்யும் டால்பி அட்மோஸும் வேண்டும் என்று ஆசை, ஆனால் கூரையில் துளையிட முடியாது.

ஓம்விதி:
வாட்டைத் துரத்தாதீர்கள். 88 டெசிபல் என்பது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் கிடைக்கும் அளவு. நீங்கள் இரண்டரை மீட்டரில் அமர்ந்தால் அதில் ஏறத்தாழ 8 டெசிபல் குறையும். 16 வாட் கொடுத்தால் 12 டெசிபல் கூடும். ஆக, ஒரே ஸ்பீக்கரிலிருந்து 92 டெசிபல் வந்துவிடுகிறது, இரவு பத்து மணிக்கு நீங்கள் அதன் அருகில்கூடப் போகப் போவதில்லை. 80 வாட்டிலிருந்து 160 வாட்டுக்குத் தாவினாலும் கூடுவது 3 டெசிபல்தான். அதற்காக இருமடங்கு விலை கொடுப்பது வீண்.

உங்கள் 5.1-உடன் மேல் ஒலிக்கு இரண்டு ஸ்பீக்கர் சேரும் 5.1.2 அமைப்புக்கு ஏழு ஆம்ப்ளிஃபையர் சேனல்கள் போதும். டெனான் ஏவிஆர்-எக்ஸ்1700எச், அதற்கு அடுத்து வந்த எக்ஸ்1800எச், யமஹா ஆர்எக்ஸ்-வி6ஏ ஆகியவை இந்த வரிசையில் வருபவை. யமஹாவின் வி4ஏ விலை குறைவு என்று கையை வைத்துவிடாதீர்கள், அதில் அட்மோஸ் கிடையாது. கூரையில் துளையிடாமல், ஒலியை மேல்நோக்கி அனுப்பித் தெறிக்கவைக்கும் ஸ்பீக்கர்களை முன் ஸ்பீக்கர்களின் மேல் வைக்கலாம். ஏழரை அடி முதல் பதினான்கு அடி வரை உயரமுள்ள தட்டையான கூரை அதற்கு ஏற்றது. ஒலி பட்டுத் தெறிக்க வேண்டிய இடத்தில் மின்விசிறி தொங்குகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் கூடங்களில் பெரும்பாலும் அங்கேதான் தொங்கும்.

கீழ்வீட்டான்:
உங்கள் கீழ்வீட்டுக்காரரின் நிலையில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன். உங்கள் சிக்கல் ஒலியின் அளவில் இல்லை, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. டெனானில் உள்ள ஆடிஸி என்ற ஒலி சீராக்கும் மென்பொருளின் டைனமிக் வால்யூம் அந்த இடைவெளியைச் சுருக்கும். அதையும் டைனமிக் ஈக்யூவையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். பின்னது ஒலியைக் குறைக்கும்போது காதுக்கு மங்கிப்போகும் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, ஈடுகட்ட அதை உயர்த்துவது, உங்களுக்கு இனிமை, எங்களுக்கு அதிர்வு. அதிலுள்ள ரெஃபரன்ஸ் ஆஃப்செட் என்ற அமைப்பை 10 அல்லது 15-இல் வைத்தால் அந்த உயர்வு அடங்கும். சென்டர் ஸ்பீக்கரின் அளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டினால் வசனமும் மேலெழும்.

சப்வூஃபரை மூலையிலிருந்து எடுத்து சோபாவை ஒட்டி வையுங்கள். மூலைச் சுவர்கள் பேஸைப் பெருக்கிக் கட்டடத்துக்குள் தள்ளுகின்றன. அருகில் இருந்தால் மிகக் குறைந்த அளவிலேயே உங்களுக்கு நிறைவாகக் கேட்கும். இதற்குப் புது ரிசீவர்கூடத் தேவையில்லை, இன்றிரவே செய்யலாம். அடியில் ஸ்பாஞ்ச் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். தரையில் பரவும் அதிர்வு ஓரளவு குறையும், காற்றுவழி இறங்கும் தாழ்ந்த ஒலிக்கு அது தடையாகாது.

இரண்டாம்மாடி:
இருவருக்கும் நன்றி. சப்வூஃபரை நேற்றே சோபா பக்கம் நகர்த்தினேன். பழைய ரிசீவரிலேயே அதன் அளவை 6 டெசிபல் குறைத்தும் குறை தெரியவில்லை. டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதியில் புதிய இ-ஏஆர்சி என் டிவியில் இல்லை, பழைய ஏஆர்சி மட்டுமே உண்டு. அதனால் அட்மோஸ் வராதோ?

ஓம்விதி:
வரும். டிவி அந்த ஒலியை அப்படியே கடத்துவதாக இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகளின் அட்மோஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவத்தில் ஏஆர்சி வழியாகவே வந்துவிடும். ப்ளூரே வட்டில் உள்ள, தரம் இழக்காத ட்ரூஎச்டி ஒலியை டிவி வழியாக அனுப்பத்தான் இ-ஏஆர்சி வேண்டும்; பிளேயரை ரிசீவரிலேயே செருகிவிட்டால் அதுவும் தேவையில்லை.

இரண்டாம்மாடி:
அப்படியானால் எக்ஸ்1700எச் என்று முடிவு செய்கிறேன். அது ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் ஆழம், என் டிவி அலமாரியோ 35. கேபிள் வளைய இடம் வேண்டும், மேலே வெப்பம் போகவும் வழி வேண்டும். எனவே ரிசீவர் வருவதற்கு முன் தச்சரை அழைத்து அலமாரியின் பின்பலகையை அறுக்கச் சொல்லியிருக்கிறேன்.