ஆபரேஷன் முகாமுக்கு 100 வெள்ளி: கொடுக்கலாமா வேணாமா?

பிடோக்_கதிர்:
எங்க பழைய ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வாரமா இதே பேச்சுதான். ஆளுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி போடுங்க, இங்கேருந்து 4 டாக்டருங்க கிழக்கு ஆப்பிரிக்காவுல ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, பிரசவத்துல அடிபட்டு மூத்திரம் ஒழுகுற பொம்பளைங்களுக்கு ஒரு வாரம் ஃப்ரீயா ஆபரேஷன் பண்ணப் போறாங்கன்னு. ஃபிஸ்டுலான்னு பேராம். நான் கம்ப்யூட்டர் ஆளு, இது வரைக்கும் அந்த வார்த்தையையே கேட்டதில்ல. தேடிப் படிச்சேன். ரெண்டு நாள் மூணு நாள் வலி எடுத்தும் குழந்தை வெளிய வர வழியில்லன்னா தலை இடுப்பெலும்புல மாட்டிக்கிட்டு நடுவுல இருக்குற மூத்திரப்பையை நசுக்கிக்கிட்டே இருக்குமாம், ரத்த ஓட்டம் நின்னு அந்த சதை செத்துப் போயி சில நாள் கழிச்சு உதிர்ந்து ஓட்டை விழுந்துடுமாம். குழந்தை பெரும்பாலும் செத்துதான் பிறக்கும். அதுக்கப்புறம் ராத்திரி பகல் பாக்காம சொட்டிக்கிட்டே இருக்கும். ஐநா கணக்குப்படி இன்னைக்கும் சுமார் 5 லட்சம் பேர் இப்படி இருக்காங்க. படிச்சுட்டு சாப்பாடு இறங்கல.

ஆனா அதே குரூப்புல போன தடவை போனவங்க போட்டோவும் வந்துச்சு. ஒரே கலர் டீ-ஷர்ட், பின்னாடி பேனர், நோயாளி ஒருத்தி நடுவுல தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கா. அத பாத்ததுலருந்து ஒரு நெருடல். கொடுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மல்லிகா_தாதி:
கொடுக்காதீங்க தம்பி. கஞ்சத்தனத்துல சொல்லல. 20 வருஷத்துக்கு மேல யூராலஜி, அதாவது மூத்திர நோய் வார்டுல இருக்கேன், ஒரே ஒரு தடவை இந்த மாதிரி டீமோட போயிட்டும் வந்திருக்கேன், எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். டாக்டருங்க நல்ல கைதான், குறை சொல்ல முடியாது. ஆனா தையல் போடுறது ரெண்டு மணி நேரம், அந்தத் தையல் நிக்குறதா பிச்சுக்கிறதான்னு முடிவாகுறது அடுத்த ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரம் மூத்திரப்பையில போட்ட டியூப் அடைக்காம பாத்துக்கணும். அந்த வார்டுல ஒரு தாளுல எழுதி சுவத்துல ஒட்டியிருந்தாங்க, மூணே விஷயம்: குடிக்கணும், வடியணும், நனையக்கூடாது. இதுல ஒண்ணு தப்பினாலும் போச்சு.

ஒரு ராத்திரி மூணு மணி இருக்கும். கரண்ட் இல்ல, போன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு கட்டில் கட்டிலா போறேன். யூரின் பேக் கிடையாது, டியூபோட நுனிய கட்டிலுக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் வாளியில விட்டிருப்பாங்க, சொட்டு விழுற சத்தம் கேட்டா சரி. ஆறாவது கட்டில்ல சத்தம் இல்ல. அந்தப் பொண்ணு நல்லா தூங்குறா, 17, 18 வயசு இருக்கும். போர்வைய நீக்கிப் பாத்தா டியூப் தொடைக்கடியில மாட்டி மடிஞ்சு கிடக்கு, அடிவயிறு கல்லு மாதிரி. காலைத் தூக்கி டியூப நிமித்தினதும் வாளியில சளசளன்னு விழுந்துச்சு பாருங்க, எனக்கு உசுரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு நான் இருந்தேன். நாலு நாள் கழிச்சு நான் ஏர்போர்ட்ல இருந்தேன். அதுக்கப்புறம் அந்த வாளிகளை யார் கேட்டுக்கிட்டிருந்தா?

சிராங்கூன்_சிங்கம்:
அக்கா மரியாதையோட சொல்றேன், நீங்க சொல்றது பாதி சரி. ஆனா இந்த நியாயத்தப் பேசிப் பேசியே நாம ஒண்ணும் செய்யாம உக்காந்துடுவோம். ஓட்டை விழுந்தவ இன்னைக்கு இருக்கா. புருஷன் விட்டுட்டுப் போயிருப்பான், பஸ்ல ஏத்த மாட்டான், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போக முடியாது. அவகிட்டப் போயி “பொறு தாயி, முதல்ல உங்க ஊருல சிஸ்டத்த சரி பண்றோம், நல்ல தாதிகளை உருவாக்குறோம், பத்து வருஷம் ஆகும்”னு சொல்லுவீங்களா?

அப்புறம் ரெண்டு வாரம்ங்கிற கணக்கு பழசு. 2015ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆப்பிரிக்காவுல 8 நாடு, 500 பேருக்கு மேல. சிக்கல் இல்லாத ஃபிஸ்டுலாவுக்கு 7 நாள் டியூப் வச்சவங்களுக்கும் 14 நாள் வச்சவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. 2018ல உலக சுகாதார நிறுவனமே 7லருந்து 10 நாள் போதும்னு சொல்லிடுச்சு. கட்டில் சீக்கிரம் காலியாகும், அதே வார்டுல இன்னும் நிறைய பேருக்குப் பண்ணலாம். முகாம் நடத்துறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா.

மல்லிகா_தாதி:
படிச்சிருக்கேன் தம்பி. “சிக்கல் இல்லாத”ன்னு நீங்களே எழுதிட்டீங்க, அதை மட்டும் மறுபடி ஒரு தடவை படிங்க.

யீஷூன்_அம்மா:
நான் சண்டைக்கு வரல, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். எங்க பாட்டி பக்கத்துல ஜொகூர்ல (இப்ப மலேசியா) ரப்பர் தோட்டத்துல இருந்தாங்க. மூணாவது பிரசவம் மூணு நாள் இழுத்துச்சாம், குழந்தை நிக்கல. அதுக்கப்புறம் பாட்டி வீட்டுக்குள்ள படுத்ததே இல்லன்னு அம்மா சொல்லுவாங்க, பின்கட்டுலதான், சாக்கு விரிச்சு. தினமும் விடியுறதுக்கு முன்னாடி எழுந்து அந்த சாக்க அலசிக் காயப் போட்டுட்டுதான் மரம் சீவப் போவாங்களாம். கல்யாணம் காட்சின்னு எங்கயும் போனதில்ல. “உங்க பாட்டிக்குக் கூட்டம்னா பிடிக்காது”ன்னுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தாங்க. இதுக்கு ஒரு பேரு இருக்கு, தைக்கலாம்னு எனக்கு 50 வயசுலதான் தெரிஞ்சுது. அதனால ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கான்னு யாரோ மாதிரி பேசாதீங்க.

வுட்லண்ட்ஸ்_வாசகன்:
அம்மா சொன்னது ரொம்ப முக்கியம். எல்லா ஊருலயும் இருந்த நோய்தான் இது. நியூயார்க்ல 1855ல ஆரம்பிச்ச பெண்கள் ஆஸ்பத்திரிக்கு முக்கிய வேலையே ஃபிஸ்டுலா தைக்குறதுதான். அத ஆரம்பிச்ச மரியன் சிம்ஸ், அதுக்கு முன்னாடி அலபாமாவுல 1840கள்ல அடிமைப் பெண்கள் மேல மயக்க மருந்தே இல்லாம திரும்பத் திரும்ப அறுத்துக் கத்துக்கிட்ட ஆளு. அனார்ச்சா, பெட்ஸி, லூசின்னு மூணு பேரு மட்டும் பதிவுல இருக்கு, அனார்ச்சாவுக்கு மட்டும் சுமார் 30 தடவை. செண்ட்ரல் பார்க்ல இருந்த அவர் சிலைய 2018ல எடுத்தாங்க. கதிர் தம்பிக்கு அந்தப் போட்டோ நெருடினதுல ஒரு காரணம் இருக்குன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு எழுதுறேன். போனவங்களை சிம்ஸோட சேக்கல, அப்படி யாரும் எடுத்துக்க வேணாம்.

இன்னொண்ணு. அந்த நியூயார்க் ஆஸ்பத்திரி பின்னாடி மாறிப் போன இடத்துலதான் இன்னைக்கு வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல் நிக்குது. பிரசவம் நல்லபடியா நடக்க ஆரம்பிச்ச ஊருல ஃபிஸ்டுலா வர்றதே நின்னு போச்சு.

சிராங்கூன்_சிங்கம்:
அதே வரலாறுல ஹேம்லின் தம்பதிய விட்டுட்டீங்களே அண்ணே? கேத்தரின் ஹேம்லினும் அவங்க புருஷன் ரெஜினால்டும் 1959ல எத்தியோப்பியாவுக்கு வெளியூர் டாக்டராத்தான் போனாங்க. 1974ல அடிஸ் அபாபாவுல இதுக்குன்னே ஆஸ்பத்திரி கட்டினாங்க. வெளியாளு வந்தா தப்புன்னா அந்த ஆஸ்பத்திரியே இருந்திருக்காது.

வுட்லண்ட்ஸ்_வாசகன்:
அவங்க ஒரு வாரத்துக்குப் போகல தம்பி. கேத்தரின் 2020ல 96 வயசுல செத்ததும் அந்த ஊருலயேதான். அங்க நோயாளியா வந்த மமிட்டு கஷேங்கிற பொண்ணு, பள்ளிக்கூடம் போகாதவ, முதல்ல கட்டில் விரிச்சா, அப்புறம் ஆபரேஷன் தியேட்டர்ல கை கொடுத்தா, கடைசில அவளே ஃபிஸ்டுலா சர்ஜன் ஆகி வெளிநாட்டு டாக்டருங்களுக்கே சொல்லிக் கொடுத்தா. 2007ல ஹேம்லின் ஆஸ்பத்திரிக்காரங்க மருத்துவச்சி காலேஜ் ஆரம்பிச்சாங்க. தைக்கிறதுல உலகத்துலயே பேர் வாங்கின இடம், ஓட்டை விழாம தடுக்குறதுக்குப் பணம் போட்டுச்சு. உங்க உதாரணம் எங்க பக்கம்தான் சாயுது.

பெயர்_வேணாம்_எம்ஓ:
டாக்டர்தான், இளையவன், அதனால பேரு போடல. ரெண்டு பக்கமும் ஒரு விஷயத்த விட்டுட்டீங்க. ஃபிஸ்டுலாவுல முதல் ஆபரேஷன்தான் தங்கம். முதல் தடவை சரியா மூடினா மூடினதுதான், அது தோத்துப் போயி தழும்பு ஏறிடுச்சுன்னா அடுத்தடுத்த தடவை வாய்ப்பு குறைஞ்சுகிட்டே போகும். இங்க ரோபோ வச்சு ப்ராஸ்டேட் பண்ற யூராலஜிஸ்ட் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் குழந்தை தலை மூணு நாள் மாட்டி உருக்குலைஞ்ச இடத்த வாழ்நாள்ல பாத்திருக்க மாட்டார், ஏன்னா சிங்கப்பூர்ல அது வர்றதில்ல. அங்க ஒரு மாவட்ட சர்ஜன் ஒரு வருஷத்துல பாக்குறத இவர் ரிட்டயர் ஆகுற வரைக்கும் பாக்க மாட்டார். அப்ப யார் யாருக்குச் சொல்லித் தரணும்? இதுக்குன்னே 2011ல ஃபிகோங்கிற உலக மகப்பேறு டாக்டருங்க சங்கம் தனியா ஒரு பயிற்சி முறை கொண்டு வந்துச்சு, லேசான கேஸ் எவ்வளவு பண்ணிட்டு கஷ்டமான கேஸுக்குப் போகணும்னு படிப்படியா.

அதே சமயம், “சிசேரியன் தியேட்டர் கட்டிக் கொடுத்தா முடிஞ்சுது”ன்னு நினைக்குறவங்களும் கொஞ்சம் நில்லுங்க. ரெண்டு நாள் மாட்டின தலைய எடுக்கப் போற சிசேரியன் இங்க நாள் குறிச்சுப் பண்ற சிசேரியன் இல்ல. மூத்திரப்பை வீங்கி மேல ஏறி வந்திருக்கும், கருப்பையோட கீழ்ப்பகுதி காகிதம் மாதிரி மெலிஞ்சிருக்கும், கொஞ்சம் கிழிஞ்சு ரத்தம் பீச்சினா அவசரத்துல போடுற தையல்ல கிட்னியிலருந்து பைக்கு வர்ற மூத்திரக்குழாயும் சேந்து மாட்டிக்கும். ஒரு பெரிய தொகுப்பு, 11 நாட்டுல ஏறக்குறைய 6,000 பேர், அதுல 800க்கு மேல டாக்டர் கத்தியாலயே வந்த ஃபிஸ்டுலா, பெரும்பாலும் சிசேரியனும் கருப்பை எடுக்குற ஆபரேஷனும். நானே ஊருல படிக்குறப்ப ஒண்ணு பாத்தேன். சிசேரியன் முடிஞ்சு பத்தாவது நாள் திரும்பி வந்தாங்க, “துணி நனைஞ்சுகிட்டே இருக்கு டாக்டர்”னு. நீல மருந்த மூத்திரப்பையில ஏத்தினோம், பிறப்புறுப்புல வச்ச பஞ்சு நீலமாகல, ஆனா ஈரமாச்சு. ஓட்டை பையில இல்ல, மேல குழாயில. அந்தம்மா முகத்த விட எங்க சீனியர் முகம்தான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, ஏன்னா அந்த சிசேரியன அவர்தான் பண்ணார்.

சிராங்கூன்_சிங்கம்:
அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? தைக்கப் போனாலும் தப்பு, சிசேரியன் பண்ணாலும் தப்பு, பணம் போட்டாலும் தப்பு.

பெயர்_வேணாம்_எம்ஓ:
தப்புன்னு சொல்லலண்ணே. ரொம்ப மலிவா ஒண்ணு இருக்கு. வலி இழுத்துட்டு வந்த பொண்ணுக்குப் பிரசவம் ஆன கையோட டியூப் போட்டு விட்டுடணும், ஒழுகுதோ இல்லையோ. பை காலியாவே இருந்தா நசுங்கின சதைக்கு ரத்தம் வர வாய்ப்பு இருக்கு. சின்ன ஓட்டைனா சில வாரத்துல கத்தியே படாம தானா மூடிக்கும், எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. கதீட்டர்னு சொல்ற அந்த டியூப் என்ன விலைன்னு மல்லிகா அக்காவ கேளுங்க.

மல்லிகா_தாதி:
கோப்பி கடையில ரெண்டு பேர் ரொட்டி பரோட்டா சாப்பிடுற காசு. ஆனா போட்டு விட்டா போதாது, பாக்க ஆள் வேணும். திரும்பவும் அதேதான் சொல்றேன்.

யீஷூன்_அம்மா:
இங்க கேகே பிரசவ ஆஸ்பத்திரியில 1966ல ஒரே வருஷத்துல 39,835 குழந்தை பிறந்துச்சு, கின்னஸ்ல எல்லாம் போட்டாங்க. என் அக்கா அதுல ஒண்ணு. ஒரே கட்டில்ல ரெண்டு தாய் படுத்த காலம்னு அம்மா சொல்லுவாங்க. பணக்கார ஊரா அப்ப இது? இல்லையே. ஆனா வலி எடுத்தா போறதுக்கு ஒரு கதவு இருந்துச்சு, உள்ள தாதிங்க இருந்தாங்க. புக்கிட் தீமா ரோட்டுப் பக்கம் பழைய கட்டடத்துல இப்ப எல்டிஏ, அதாவது நிலப் போக்குவரத்து ஆணையத்தோட ஆபீஸ் இருக்கு, அந்தப் பக்கம் போறப்பல்லாம் பாட்டிய நினைச்சுக்குவேன். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்ததுதான் அவங்க பண்ண தப்பு.

வுட்லண்ட்ஸ்_வாசகன்:
இதோட சேத்து ஒண்ணு, நம்ம ரெண்டாவது அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸ் பிரசவ டாக்டர். கருப்பையோட கீழ்ப்பக்கமா அறுக்குற சிசேரியன இங்க கொண்டு வந்தவரே அவர்தான். அதுக்கு முன்னாடி மேல அறுத்துக்கிட்டிருந்தாங்க, ரத்தப்போக்கும் அதிகம், அடுத்த பிரசவத்துல கிழியுற ஆபத்தும் அதிகம். உள்ளூர் ஆளு கத்துக்கிட்டு உள்ளூர்லயே சொல்லிக் கொடுத்தா எப்படி இருக்கும்ங்கிறதுக்குச் சொல்றேன்.

சிராங்கூன்_சிங்கம்:
சரி ஒத்துக்குறேன், தாதி இல்லாம முகாம் கிடையாது. ஆனா முகாமே வேணாம்ங்கிறத ஒத்துக்க மாட்டேன். முகாம்னு ரேடியோவுல சொன்னாதான் பின்கட்டுல சாக்குல படுத்திருக்குறவ வெளிய வர்றா. அவங்கள்ல பாதிப் பேருக்கு இத தைக்கலாம்னே தெரியாது, யீஷூன் அம்மாவோட பாட்டி மாதிரி. தேடிக் கண்டுபிடிக்கிற வேலைய முகாம் செய்யுது. அத மட்டும் மறுக்காதீங்க.

மல்லிகா_தாதி:
அது உண்மை. நான் போன இடத்துல ஒருத்தி 4 நாள் நடந்தும் லாரியிலயும் வந்தா. சரி, அத மறுக்கல.

கதிர் தம்பி, அந்த ஏற்பாட்டாளர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கடைசி ஆபரேஷன் என்னைக்கு, ஃப்ளைட் என்னைக்கு?

பிடோக்_கதிர்:
கேட்டுட்டேங்க. திங்கள்லருந்து சனி வரைக்கும் ஆபரேஷன். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஃப்ளைட். சனிக்கிழமை தைச்ச பொண்ணுக்கு டியூப் யார் எடுப்பாங்கன்னு கேட்டேன், “அங்க இருக்குற தாதி”ன்னார். ராத்திரி வார்டுல எத்தனை தாதின்னு கேட்டேன். ஒருத்தங்கதான், பிரசவ வார்டும் அவங்களேதான் பாக்கணுமாம். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் “நல்ல கேள்வி, டீம்ல கேட்டுச் சொல்றேன்”னார். இன்னொண்ணும் தெரிஞ்சுது, இந்தப் பணத்துக்கு 250 சதவீத வரிக்கழிவெல்லாம் கிடையாது, அது உள்ளூர் காரியத்துக்குத்தான். வெளிநாட்டுக்காக வெளியாள்கிட்ட வசூல் பண்ணா அனுமதி வேற வாங்கணுமாம், அதனாலதான் குரூப்புக்குள்ளயே சுத்துது.

சிராங்கூன்_சிங்கம்:
ஆபரேஷன புதன்கிழமையோட நிறுத்தச் சொல்லு. மிச்ச நாளு பாக்குறதுக்கு. ரெண்டு டாக்டர் திரும்பட்டும், ஒரு தாதி இன்னும் பத்து நாள் இருக்கட்டும். அந்த டிக்கெட்டுக்கு நான் தரேன், 100 இல்ல, முழுசா. மல்லிகா அக்கா, போறீங்களா?

மல்லிகா_தாதி:
லீவு 6 நாள்தான் பாக்கி இருக்கு. நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்ட சம்பளமில்லாத லீவு கேட்டுப் பாக்குறேன். கதிர் தம்பி, அந்த ராத்திரி தாதி பேரும் நம்பரும் மட்டும் தனியா அனுப்புங்க, அவங்ககிட்ட எத்தனை வாளி இருக்குன்னு கேக்கணும்.