ஹூவா, ஹூமா? கொஞ்சம் அவசரம்

அவசரக்குடுக்கை: இங்கிலீஷ்ல ஆளைக் குறிக்க எது சரி, ஹூவா (who) ஹூமா (whom)? நான் ஹூம் போட்டதை ஒருத்தர் தப்புங்கறார். அரை மணி நேரத்துல அனுப்பணும்.

ஒற்றுப்பிழை: வாக்கியத்தைப் போடாம கேட்டா என்னன்னு சொல்றது?

நாலாம்வேற்றுமை: தமிழ்ல சொல்லிப் பாருங்க. 'அவர்'னு வந்தா ஹூ. 'அவரை', 'அவருக்கு'ன்னு வந்தா ஹூம். அவ்வளவுதான்.

ஒற்றுப்பிழை: 'அவருக்கு'ல வழுக்கி விழுவீங்க. அவனுக்குப் பசிக்குதுன்னு நாம சொல்றது அங்க ஹீ இஸ் ஹங்ரி. உங்க கணக்குப்படி 'தி பாய் ஹூம் இஸ் ஹங்ரி'ன்னு ஆகும். இங்கிலீஷ்லயே ஹீ, ஹிம் வச்சுத்தான் பார்க்கணும். ஹிம்முக்கும் ஹூமுக்கும் கடைசியில 'ம்', ஞாபகம் வச்சுக்க வசதி.

மூத்த உறுப்பினர்: இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். தேடிப் பார்த்துட்டுக் கேட்கலாமே.

சும்மாஇரு: ரெண்டும் வேணாம், தட் போட்டுத் தப்பிச்சுக்கோங்க.

மூத்த உறுப்பினர்: தட் பொருளுக்கு மட்டுமே. ஆளுக்குப் போட்டால் அது பிழை.

சும்மாஇரு: யார் சொன்னது? 1611-ல வந்த பைபிள் மொழிபெயர்ப்புல 'ஹீ தட் இஸ் விதவுட் சின்'னு இருக்கு. பிதாவுக்கே 'விச்' போட்டிருக்காங்க: 'அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்'.

மூத்த உறுப்பினர்: அந்த விச்சை இன்று போட்டுப் பாருங்களேன்.

ஒற்றுப்பிழை: விச் ஆளுக்கு வழக்கொழிஞ்சு போச்சு, தட் போகலை. ஆனா ரெண்டு இடத்துல அது செல்லாது. கமா போட்டுக் கூடுதல் தகவல் சொல்ற இடத்துல ஹூதான்: 'மை பிரதர், ஹூ இஸ் எ டாக்டர்'. டு, வித் மாதிரி சொல்லுக்கு அடுத்தாப்ல ஹூம்தான்: 'டு ஹூம்'. 'டு தட்'னு எழுத முடியாது. சரி, வாக்கியம் எங்கப்பா?

அவசரக்குடுக்கை: சாரி. 'தி எஞ்ஜினியர் ஹூம் வீ பிலீவ் டிசைன்ட் தி பம்ப் ஹேஸ் லெஃப்ட்.'

நாலாம்வேற்றுமை: அவரைத்தானே நம்பறீங்க? ஹூம் சரி.

ஒற்றுப்பிழை: இல்லை. அவரை நம்பலை, அவர் பம்பை வடிவமைச்சார்னு நம்பறாங்க. 'வீ பிலீவ்' நடுவுல செருகினது. அதை விரலால மறைச்சிட்டுப் படிங்க: 'டிசைன்ட் தி பம்ப்' மிஞ்சுது. யார் டிசைன் பண்ணது? ஹீ. அதனால ஹூ. டிசைன்டுக்குப் பதிலா 'டு ஹேவ் டிசைன்ட்'னு எழுதியிருந்தா 'வீ பிலீவ் ஹிம் டு ஹேவ் டிசைன்ட்', அப்ப ஹூம் சரி. 'ஹூம் வீ டிரஸ்ட்'டும் அப்படித்தான், வீ டிரஸ்ட் ஹிம்.

நாலாம்வேற்றுமை: அட, ஆமா. அப்ப நாம பேசற 'நான் பார்த்த ஆள்'ல ஹூவே கிடையாதே?

ஒற்றுப்பிழை: 'பார்த்த'ங்கற பெயரெச்சமே அந்த வேலையைப் பார்த்துடுது. இங்கிலீஷ்ல ஹூவையும் போட்டு, 'தி மேன் ஹூ ஐ மெட் ஹிம்'னு ஹிம்மையும் சேர்த்து எழுதறவங்க உண்டு. அந்த ஹிம் வரக் கூடாது. 'தி மேன் ஐ மெட்'னு ரெண்டுமே இல்லாமலும் எழுதலாம்.

மூத்த உறுப்பினர்: முறையான கடிதத்தில் அப்படி விடக் கூடாது.

சும்மாஇரு: ஆரம்பிச்சுட்டார்யா. அப்படி ஒரு விதியும் இல்லை.

அவசரக்குடுக்கை: ஹூ போட்டு அனுப்பிட்டேன். மத்தது படிக்க நேரமில்லை, நன்றி.