மஞ்சள் மண்டிக் கணக்கில் வேண்டாத காற்புள்ளிகள்: பைதானில் எப்படிப் பிரிப்பது?

கேள்வி (ஈரோடு):
மாமாவின் மஞ்சள் மண்டிக் கணக்கைப் பைதான் நிரல்மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய மென்பொருள் தரும் கோப்பில் ஒரு வரி இப்படி இருக்கிறது:

417,12-02-2025,கிழக்குத் தோட்டம், சிவகிரி,விரலி,8,13,250,1,06,000

பில் எண், தேதி, முகவரி, ரகம், குவிண்டால், விலை, தொகை என 7 கட்டங்கள் வர வேண்டும். காற்புள்ளியில் வெட்டினால் 11 துண்டுகள் விழுகின்றன. அடுத்த வரியில் 10. மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் போனை எடுப்பதே இல்லை.

பதில் (திருப்பூர்):
காற்புள்ளியால் பிரித்த கோப்புகளைப் படிக்கப் பைதானோடு வரும் சிஎஸ்வி தொகுதியால் படியுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் காற்புள்ளியை அது வெட்டாது.

கேட்டவர்:
மேற்கோளே இல்லையே அண்ணா. வலப்பக்கமிருந்து வெட்டும் ஆர்ஸ்பிளிட்டையும் பார்த்துவிட்டேன், தொகையே மூன்றாக உடைகிறது. பிசகான வரிகளை விட்டுவிடும்படி, அட்டவணைகளைக் கையாளும் பைதான் நூலகமான பாண்டாஸிடம் சொல்லிவிடலாமா?

பதில் (கோபிசெட்டிபாளையம்):
வேண்டாம் தம்பி. விலையிலேயே காற்புள்ளி இருக்கிறது, எல்லா வரியும் பிசகுதான். விட்டால் கோப்பே மிஞ்சாது.

ரகத்தை எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். விரலி அல்லது கிழங்கு, இரண்டில் ஒன்றுதானே? வரியை வெட்டி, துண்டுகளின் ஓர இடைவெளியை ஸ்டிரிப்பால் நீக்கி, ரகம் எத்தனையாவது துண்டு என்று தேடுங்கள். முதல் இரண்டும் பில் எண்ணும் தேதியும். அங்கிருந்து ரகம் வரை எத்தனை இருந்தாலும் முகவரி. ரகத்துக்கு அடுத்தது குவிண்டால்.

மிச்சம் 13, 250, 1, 06, 000. இதில்தான் நம் லட்சக் கணக்கு கைகொடுக்கிறது. ஆயிரத்தைத் தாண்டிய எண்ணில் கடைசித் துண்டுக்கு மட்டுமே மூன்று இலக்கம்; முன்னால் உள்ளவை ஒன்றோ இரண்டோ. ஆகவே துண்டுகளை ஒட்டிக்கொண்டே போய், மூன்று இலக்கம் வந்ததும் எண்ணை முடித்துவிடுங்கள்: 13250, 106000. மில்லியன் முறையில் எழுதியிருந்தால் இது பலிக்காது. கடைசியில் குவிண்டாலை விலையால் பெருக்கி, தொகையோடு ஒத்துவராத வரிகளைத் தனியே எடுத்து வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, வேலை செய்கிறது. பெருக்கலில் இரண்டு வரிகள் மட்டும் சிக்கின. 8.5 குவிண்டாலைக் கணக்குப்பிள்ளை 8,5 என்று அடித்திருக்கிறார். அந்த 5 விலையோடு ஒட்டி, குவிண்டால் 5,13,250 ரூபாய் ஆகியிருந்தது. மாமா ஒரு நிமிடம் மகிழ்ந்துதான் போனார். பில் புத்தகத்தைப் பார்த்துக் கையால் திருத்திவிட்டேன்.