மறு: கலைச்சொல் தேவை – ‘காங்ருயன்ஸ்’: நேர்மையா, ஒத்திசைவா, தன்னியைபா?

அனைவருக்கும் வணக்கம்.

நான் உளவள ஆலோசனைப் பயிற்சியில் இருக்கிறேன். அங்கே ‘காங்ருயன்ஸ்’ (congruence) என்பார்கள்: ஒருவர் தனக்குள் நடப்பதைத் தனக்கே மறைக்காமல், திரிக்காமல் அறிந்து, அதோடு ஒன்றி இருப்பது. அதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டேன், ஒரு கூடை வந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் என் பயிற்சிக் குறிப்பேட்டில் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தன.

> கணிதத்தில் ‘சர்வசமம்’ இருக்கிறதே தம்பி. புதிதாக எதற்கு?

ஐயா, முக்கோணங்களுக்குச் சரி. ‘சர்வசமமான ஆற்றுப்படுத்துநர்’ (அதாவது ஆலோசகர்) என்று எழுதினால், எல்லாரையும் சமமாக நடத்துபவர் என்றுதான் படிப்பார்கள். அதுவும் நல்ல குணம்தான், ஆனால் நான் கேட்டது அது இல்லை.

> ‘நேர்மை’ போதும். எளிமையான சொல், எல்லாருக்கும் புரியும்.

அக்கா, நானும் முதலில் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். எதிர்ச்சொல்லுக்குப் போனபோதுதான் மாட்டிக்கொண்டேன். இந்தக் கருத்தை முன்வைத்த அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் மனத்தளவில் மாறுவதற்கு ஆறு நிபந்தனைகளைச் சொல்கிறார். இந்தப் பண்பு உதவுகிறவரிடம் இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. வருகிறவர் இது குலைந்த நிலையில் இருக்கிறார் என்பது இரண்டாவது. ஆக, சொல் ஒன்று, அது இரண்டு நாற்காலிக்கும் பொருந்த வேண்டும். ‘துணைநாடி நேர்மையின்மையுடன் வருகிறார்’ என்று எழுதினால், வருகிறவரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடாதா? ‘உண்மைத்தன்மை’, ‘வாய்மை’ இரண்டுக்கும் இதே கதிதான். (உதவி தேடி வருகிறவருக்குத் துணைநாடி என்ற சொல்லை இங்கே முன்பே பேசி முடித்துவிட்டோம். நோயாளி, வாடிக்கையாளர் பக்கம் மறுபடி போக வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.)

ரோஜர்ஸ் தரும் எடுத்துக்காட்டையே பாருங்கள். ஒரு மாணவனுக்குத் தேர்வு என்றால் பயம். தன்னிடம் சரக்கில்லை என்பது அங்கே வெளுத்துவிடுமோ என்ற பயம். ஆனால் தன்னைப் பற்றி அவன் வைத்திருக்கும் படத்தில் அந்தப் பயத்துக்கு இடமில்லை. தேர்வு நடப்பது ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில். கடைசியில் அவனுக்குத் தெரிவதெல்லாம், படியேறப் பயமாக இருக்கிறது என்பது மட்டும்தான். அவன் யாரிடமும் பொய் சொல்லவில்லை. உள்ளே நடப்பது அவனுக்கே திரிந்துதான் போய்ச் சேர்கிறது.

> ‘உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை’ என்று வழக்கிலேயே இருக்கிறது. ‘அகப்புற ஒருமை’ என்று சுருக்கலாமே?

எனக்கு மிகவும் பிடித்த முன்மொழிவு இதுதான். இரண்டு நாள் இதையே பயன்படுத்தியும் பார்த்தேன். ஆனால் இது கதையில் பாதி. ரோஜர்ஸின் கருத்தில் அடுக்குகள் மூன்று: எனக்குள் நிகழ்வது, அதில் நான் அறிவது, நான் வெளிக்காட்டுவது. ‘அகப்புற’ என்றதும் பின்னிரண்டுக்கும் இடையிலுள்ள கதவு மட்டுமே கண்ணில் படுகிறது. மாடிப்படி மாணவனிடம் அடைத்துக்கொண்டிருப்பது முன்கதவு இல்லை, உட்கதவு.

என்னிடமும் அதே கதவுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். ஆரம்ப அமர்வுகளில் ஒன்று. எதிரே இருந்தவர் பேசிக்கொண்டே போகிறார். (அவர் யார், என்ன பேசினார் என்பதற்கு இங்கே இடமில்லை.) நான் தலையாட்டுகிறேன், ‘ம்’ கொட்டுகிறேன், அடுத்து என்ன கேட்பது என்று மண்டைக்குள் தேடுகிறேன். திடீரென்று நிறுத்தி, “நான் சொல்றது போரடிக்குதா?” என்றார். “ஐயோ இல்லைங்க, சொல்லுங்க” என்றேன். சத்தியமாக அதைப் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. பிறகு ஒலிப்பதிவைக் கேட்ட என் மேற்பார்வையாளர் அந்த இடத்தில் நிறுத்தி, “இந்த நேரம் உனக்குள்ள என்ன ஓடிச்சு?” என்றார். யோசித்தால், போரடிக்கவில்லை, பயம். இவருக்கு உதவ என் கையில் ஒன்றுமில்லை என்ற பயம். பதிவைக் கேட்கும்வரை அது பயம் என்றே எனக்குத் தெரியாது. நேர்மையாக இருந்தேன், காங்ருயன்ட்டாக இல்லை. ‘நேர்மை’ போதாது என்று அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

> அப்படியானால் மனதில் பட்டதையெல்லாம் வருகிறவரிடம் கொட்டிவிடுவதா? ஆபத்தான வேலை.

இல்லை ஐயா. அதே கட்டுரையில் ரோஜர்ஸ் இதற்கும் பதில் வைத்திருக்கிறார். ‘இவரைக் கண்டால் பயமாக இருக்கிறது’, ‘என் கவலையிலேயே மூழ்கிக் கிடக்கிறேன், இவர் பேச்சு காதில் ஏறவில்லை’ என்றெல்லாம் உதவுகிறவருக்கே தோன்றலாம். அதைத் தனக்குத் தானே மறைத்துக்கொள்ளாமல் இருந்தால் நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. எல்லாவற்றையும் வெளியே சொல்லக் கட்டாயமில்லை. நாள் முழுக்க அப்படியே இருக்க வேண்டும் என்றும் அவர் கேட்கவில்லை, அந்த உறவில், அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தால் போதும். இப்போதெல்லாம் கவனம் நழுவினால், “கொஞ்சம் தவறவிட்டுட்டேன், கடைசியாச் சொன்னதை இன்னொரு முறை சொல்றீங்களா?” என்று கேட்டுவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒத்திசைவு பற்றிச் சுருக்கமாக: அது இரண்டு பேருக்கு இடையில் நடப்பது போல ஒலிக்கிறது. துணைநாடி சொல்வதற்கெல்லாம் ஒத்து ஊதுவது என்று யாராவது படித்துவிட்டால் வினை. ‘இசைவு’ மட்டும் என்றால் சம்மதம் என்ற பொருளும் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் படிவங்களில் ஏற்கெனவே அந்தச் சொல் அந்தப் பொருளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது.

எனவே என் முன்மொழிவு: தன்னியைபு.

இயைபு யாப்பில் பழகிய சொல், அடிகளின் இறுதி ஒன்றிவருவது. வினையாகவும் வளைகிறது: இயைந்து, இயையாமல், இயைந்திருத்தல். ‘தன்’ முன்னால் நிற்பதால், இது ஒருவர் தன்னோடு இயைவது, எதிரே இருப்பவரோடு அல்ல என்பது குழப்பமில்லாமல் வருகிறது. குறிப்பேட்டில் போட்டுப் பார்த்தேன்:

‘துணைநாடி தன்னியைபு குலைந்த நிலையில் வருகிறார்.’
‘பத்தாவது நிமிடத்தில் நான் தன்னோடு இயைந்திருக்கவில்லை.’

இரண்டாவது வரி உறுத்துகிறது. ‘நான்’ என்று தொடங்கினால் ‘என்னோடு’ என்றுதான் வர வேண்டும். பெயர்ச்சொல்லில் ‘தன்’ நிற்கட்டும், வினையில் இடத்துக்கேற்ப மாறட்டும் என்று விட்டுவிடலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

> படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வருகிறவரிடம் போய் ‘தன்னியைபு’ என்பாயா?

(இது தனிமடலில் வந்தது, அனுமதியோடு இங்கே இடுகிறேன்.) மாட்டேன் அக்கா. அவரிடம் எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம். இது மேற்பார்வை அறைக்கும் என் குறிப்பேட்டுக்கும்தான். அங்கே இதுவரை ‘காங்ருயன்ஸ் மிஸ்ஸிங்’ என்று தமிழெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன், கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

‘தன்னியைபின்மை’ நாக்கில் சுற்றிக்கொள்கிறது என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல்லுங்கள். ‘தன்னியையாமை’ என் காதுக்கு இன்னும் மோசம்.