பரீட்சை எழுதிய மாணவிக்கு ‘ஏ.ஏ.ஏ.’ (ஆப்சென்ட் குறி) விழுது, ஒரு டம்மி எண் ஆளில்லாம நிக்குது. என்ன செய்யலாம்?

மேசை_7:
மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் தேர்வுப் பிரிவு உதவியாளர். இளநிலைத் தாள், ஒரே கல்லூரி. பதிவு 62, ஆப்சென்ட் 3, விடைத்தாள் 59. 59-க்கும் டம்மி எண் (திருத்தறவருக்கு ஆள் தெரியாம இருக்க, பதிவெண்ணுக்குப் பதிலா தாள்ல போடற எண்) போட்டாச்சு, மார்க்கும் ஏறியிருக்கு. ஆனா ரிசல்ட் ஓட்டினா 58 பேருக்குத்தான் மார்க் வருது. எழுதிய ஒரு மாணவிக்கு ஏ.ஏ.ஏ.; ஒரு டம்மி எண் 41 மார்க்கோட பதிவெண் இல்லாம நிக்குது. “ரெண்டையும் முடிச்சுப் போட்டு விடுங்க, கணக்கு சரியாயிடும்”னு செக்‌ஷன்ல சொல்றாங்க. திங்கட்கிழமை ரிசல்ட். போடலாமா?

நாமினல்_ரோல்:
போடாதீங்க சார். கணக்கு சரியா வர்றதும் ஆள் சரியா இருக்கறதும் வேற வேற. அனேகமா அந்த மாணவியோட தாளாத்தான் இருக்கும். ஆனா “அனேகமா”ன்னு கோப்புல எழுத முடியாதே.

முதல்ல ஸ்கேனிங் பிரிவுல ரிஜெக்ட் லிஸ்ட் கேளுங்க. மெஷின் படிக்கறது பேனாவால எழுதின பதிவெண்ணை இல்ல, கருப்பாக்கின வட்டத்தை. ஒரு வட்டம் மாறினா நாமினல் ரோல்ல (தேர்வுக்குப் பதிவு செஞ்சவங்க பட்டியல்ல) இல்லாத எண் வரும், மெஷின் ஒதுக்கிடும். டம்மி எண் அனாதையா நிக்கறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்து, விடைத்தாள்லேர்ந்து கிழிச்சு வச்ச, பதிவெண் இருக்கற மேல் துண்டு. அது சீல் வச்ச கவர்ல இருக்கும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் எழுத்துல அனுமதி தராம கவரைத் தொடாதீங்க. ரெண்டு பேர் முன்னால பிரிச்சு, தேதி, நேரம், எடுத்த துண்டோட எண் மூணையும் குறிச்சு, அதே உட்கார்வுல மறுபடி சீல் வச்சிடணும்.

துண்டுல பேனா எழுத்தை மட்டும் நம்பாதீங்க. விடைத்தாள் புத்தகத்தோட அச்சு வரிசை எண் துண்டுல இருக்கும். ஹாலில் கையெழுத்து வாங்கின வருகைத்தாள்லயும் அவங்க பேருக்கு நேரா அதே எண் எழுதியிருக்கணும். ரெண்டும் ஒத்துப்போனா அதுதான் ஆதாரம்.

ஃபாயில்_கார்டு:
மேலே சொன்னதோட ஒண்ணு. ஒதுங்கின எண்ணாவது கண்ணுல படும். மாறின வட்டம் இன்னொருத்தரோட நிஜப் பதிவெண்ணா அமைஞ்சிட்டா மெஷின் சத்தமே போடாது. அதனால ஆப்சென்ட் பட்டியலையும் மார்க் பட்டியலையும் எதிரெதிரா ஓட்டுங்க. ஆப்சென்ட் ஆனவருக்கு மார்க் இருக்கா? ஒரே பதிவெண்ணுக்கு ரெண்டு டம்மி எண் இருக்கா? இந்த ரெண்டு கேள்வியும் எல்லாத் தாளுக்கும் போகணும், உங்க தாளுக்கு மட்டும் இல்ல.

பழைய ரெகுலேஷன் (பாடத்திட்ட விதி) அரியர் பசங்களும் புதுசும் ஒரே ஹாலில் உட்கார்ந்தா, தாள் குறியீடு மாறி விடைத்தாள் கட்டு கலந்து போறதும் உண்டு. ரிஜெக்ட் லிஸ்ட்ல கிடைக்கலைன்னா பக்கத்துக் கட்டைப் பாருங்க.

மேசை_7:
நன்றி சார். ரிஜெக்ட் லிஸ்ட்லயே இருந்தது. கடைசிக்கு முந்தின இலக்கத்துல ரெண்டு வட்டம். முதல்ல கருப்பாக்கினதைச் சரியா அழிக்கல. வரிசை எண் வருகைத்தாளோட ஒத்துப்போகுது. ஆனா எதிரெதிரா ஓட்டினதுல வேற தாள்ல ஆப்சென்ட் பையன் ஒருத்தனுக்கு 52 மார்க் இருக்கு!

ஃபாயில்_கார்டு:
அந்த ஹாலோட வருகைத்தாளை எடுங்க. பையன் கையெழுத்து இருந்தா, அரை மணி நேரத்துக்குள்ள தாமதமா வந்தவனா இருக்கலாம். ஆப்சென்ட் படிவத்தை முதலிலேயே எழுதி முடிச்சிருப்பாங்க. கல்லூரி முதன்மைக் கண்காணிப்பாளர்கிட்ட எழுத்துல விளக்கம் வாங்குங்க. கையெழுத்து இல்லைன்னா அந்த 52 வேற ஒருத்தரோடது; துண்டு வரைக்கும் போய்த்தான் ஆகணும்.

நாமினல்_ரோல்:
மாணவி விஷயத்துல திருத்த வேண்டியது பதிவெண் இணைப்பு மட்டும். ஃபாயில் கார்டுல (திருத்தினவர் மார்க் எழுதின பட்டியல்ல) கைவைக்காதீங்க, மார்க் அப்படியே இருக்கட்டும். குறிப்புக் கோப்புல பழைய நிலை, புது நிலை, ஆதாரம் மூணும் எழுதி, கண்காணிப்பாளர் வழியா மேலே அனுப்பி, உத்தரவு வந்த பிறகு கணினியில மாத்துங்க. மாத்தறவர் ஒருத்தர், சரிபார்க்கறவர் இன்னொருத்தர்.

இவ்வளவு கறார் எதுக்குன்னு செக்‌ஷன்ல கேட்டா 2011-ல உச்ச நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. வழக்குல சொன்னதைக் காட்டுங்க: திருத்தின தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்துல மாணவர் கேட்டுப் பார்க்கலாம். திருத்தினவர் பேரை மறைக்கலாம், தாளை மறைக்க முடியாது. தப்பா முடிச்சுப் போட்டிருந்தா, நகலைப் பிரிச்ச நிமிஷமே “இது என் கையெழுத்து இல்லை”ம்பாங்க.

திங்கட்கிழமைக்குள்ள உத்தரவு வரலைன்னா ரிசல்ட்டை நிறுத்த வேண்டாம். அந்த ரெண்டு பேருக்கு மட்டும் ‘நிறுத்திவைப்பு’ன்னு போட்டு மத்தவங்களுக்கு விடுங்க. ஏ.ஏ.ஏ.வோட வெளியிட்டுடாதீங்க, அந்தப் பொண்ணு அரியர்னு நினைச்சு ஃபீஸ் கட்டிடும். டிஜிலாக்கருக்குப் போற ஃபைல்லயும் அந்த ரெண்டு வரியை எடுத்துடுங்க.