1947 பர்மா அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு: தாத்தா காலத்துக் காகிதம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். ரங்கூனில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். 1948 ஜனவரி 4 விடியுமுன் 4.20க்குப் பர்மா விடுதலை பெற்றதும், அதைப் பார்க்க விடுதலைப் போராட்டத் தலைவர் ஆங் சான் உயிரோடு இல்லாததும் அவர்களுக்குத் தெரியும். 1947 அரசியலமைப்பின் குடியுரிமை பற்றிய 11ஆம் பிரிவில் நம் தாத்தாக்களும் இருப்பதுதான் தெரியாது.

பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியில் பிறந்தவர், அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய அல்லது 1942 ஜனவரி 1க்கு முந்தைய பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டாவது இங்கே வாழ்ந்து, இனியும் இங்கேயே இருப்பேன் என்று குறித்த காலத்துக்குள் தெரிவித்தால் குடியுரிமை என்றது அந்தப் பிரிவு. அந்த 1942தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஜப்பான் படை வந்தபோது நடந்தே இந்தியா போய்த் திரும்பியவர்கள் எத்தனை பேர்! இடையில் இங்கே இல்லாத அவர்களுக்கும் அந்தத் தேதி வழிவிட்டது.

சரி, அந்த விண்ணப்பமோ சான்றிதழோ பழைய பெட்டியில் இருந்தால் பெயரை மறைத்துப் படம் அனுப்புங்கள். விண்ணப்பிக்காமல் விட்ட குடும்பங்களும் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.