நடந்த திசை தெரியும், புறப்பட்ட கட்டம் தெரியாது: ஒரு விடை கூடுதலாக வருகிறது

கேள்வி

# சுவர், புள்ளி நடக்கக்கூடிய இடம். மேலே வடக்கு.

. . # . .
. . . . .
. # . . .
. . . . .

வழி: வடக்கு 1, கிழக்கு 2, தெற்கு 2. சுவரில் முட்டாமல், வரைபடத்தை விட்டு வெளியேறாமல் நடக்க எங்கெங்கே புறப்பட்டிருக்கலாம்? என் நிரல் (2,2), (3,1), (3,3) என மூன்று சொல்கிறது. சரியான விடை இரண்டுதானாம். (3,1) என்றால் மேலிருந்து 3வது வரிசை, இடமிருந்து 1வது கட்டம்.

பதில் 1

திரும்பும் இடங்களை மட்டும் பார்க்கிறீர்கள். (2,2)இல் புறப்பட்டால் (1,2), (1,4), (3,4) மூன்றும் காலி. ஆனால் கிழக்கே போகும் வழியில் (1,3) சுவர். உங்கள் ஆள் அதைத் தாண்டிக் குதித்துவிட்டார். 'கிழக்கு 2' என்பதை இரண்டு தனி அடிகளாக உடைத்து ஒவ்வொன்றையும் சோதியுங்கள். புறப்படும் கட்டத்தையும் சோதிக்க வேண்டும்: (3,2)இலிருந்து ஐந்து அடியும் தடையில்லாமல் போகலாம், நிற்கும் இடமே சுவர்.

பதில் 2

கையால் போடுகிறவர்களுக்குத் தலைகீழ் வழி சுலபம். புறப்பட்ட இடத்தை (0,0) என வைத்தால் கால் படும் கட்டங்கள்: (0,0), (-1,0), (-1,1), (-1,2), (0,2), (1,2). மேலே 1, கீழே 1, வலப்பக்கம் 2 இடம் தேவை. ஆகவே 2, 3 வரிசைகளில் முதல் மூன்று கட்டங்கள், மொத்தம் 6 மட்டுமே போட்டியில் உள்ளன.

இனி ஒவ்வொரு சுவரிலிருந்தும் கால் படும் அந்த ஆறு நகர்வுகளையும் கழியுங்கள்; கிடைப்பவை புறப்பட முடியாத கட்டங்கள். (1,3) சுவர் (2,1), (2,2), (2,3) மூன்றையும் அடிக்கிறது. (3,2) தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. மிச்சம் (3,1), (3,3). சுவர் குறைவாக இருக்கும்போதுதான் இது லாபம்.

பதில் 3

1000×1000 வரைபடம், 1000 அடி என்றால் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் நடந்து பார்ப்பது மோசமான நிலையில் 100 கோடி சோதனை. அதற்குப் பதில் காலிக் கட்டங்களை எல்லாம் பிட்களாக (காலி 1, சுவர் 0) வைத்து, ஒவ்வோர் அடிக்கும் மொத்தமாக நகர்த்தி, காலிக் கட்டங்களின் முகமூடியோடு (நகர்த்தாத அதே பிட் வரிசை) ‘அண்ட்’ செய்யுங்கள், அதாவது இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 நிற்கும். 64 பிட் சொல்லாக (கணினி ஒரே முறையில் கையாளும் துண்டு) எடுத்தால் சுமார் 1.6 கோடி சொற்களோடு முடிந்துவிடும். பைத்தானில் ஒரே பெரிய முழு எண் போதும்.

பலர் சறுக்கும் இடம்: வரிசையின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர் கிழக்கே நகர்ந்தால் அடுத்த வரிசையின் முதல் கட்டத்தில் முளைப்பார். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு சுவர்க் கட்டம் சேர்த்தால் தீர்ந்தது. இன்னொன்று, கடைசியில் கையில் இருப்பவை போய்ச் சேர்ந்த இடங்கள். மொத்த நகர்வைக் கழித்தால்தான் புறப்பட்ட இடம் வரும். இங்கே அது (1,2): (4,3) → (3,1), (4,5) → (3,3).

கேள்வி கேட்டவர்

அடி அடியாக மாற்றியதும் இரண்டு வந்துவிட்டது, நன்றி. திசைக்குப் பதில் 'இடது, வலது' என்று மட்டும் கொடுத்தால்?

பதில் 2

முதலில் எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்பது தெரியாது, எனவே நான்கு முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் (வ, க), அதாவது (வரிசை, கட்டம்) என்ற நகர்வை (க, -வ) ஆக்கினால் வலப்புறம் 90 பாகை திரும்பும். வழியின் அகல உயரம் இடம் மாறும், எனவே அந்த 6 கட்ட எல்லையைத் திரும்பக் கணக்கிட மறக்காதீர்கள்.